வியாழக்கிழமை விளம்பரமும் வெள்ளிக்கிழமைக் கணக்கும்: 2004 அமெரிக்கத் தேர்தலில் போர்ச் சேவையும் பொருளாதாரமும்

2004 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா, விஸ்கான்சின் என்ற மூன்று மாநிலங்களில் மட்டும் 60 நொடி விளம்பரம் ஒன்று தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியது. வியட்நாமில் ஸ்விஃப்ட் என்ற சிறு ரோந்துப் படகுகளில் பணியாற்றிய முன்னாள் கடற்படையினர் ஒருவர்பின் ஒருவராக வந்து, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி தன் போர்ச் சேவையைப் பற்றிப் பொய் சொல்கிறார் என்றார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 8.30 மணிக்குத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஜூலை மாத வேலைவாய்ப்புக் கணக்கை வெளியிட்டது. அந்த மாதம் நாடு முழுவதும் கூடுதலாகச் சேர்ந்த வேலைகள் 32,000. சந்தை எதிர்பார்த்திருந்தது 2 லட்சத்துக்கும் மேல்.

மறுபடியும் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அது மிக மோசமான செய்தி. எதிர்த்து நிற்பவருக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. ஆனால் அந்த ஆகஸ்ட் மாதம் முழுவதும் அமெரிக்கா பேசியது வியாழக்கிழமை விளம்பரத்தைத்தான். வெள்ளிக்கிழமைக் கணக்கு இரண்டே நாளில் ஓரங்கட்டப்பட்டது. ஆகஸ்ட் 26ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வறுமை அறிக்கை வந்தது. 2003இல் வறுமைக் கோட்டுக்குக் கீழே 3.59 கோடிப் பேர், மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் என்றது. அதுவும் அப்படியே அடங்கிப்போனது.

இது ஏன் நடந்தது என்பதற்கு, வாக்காளர்களுக்குப் பரபரப்புத்தான் பிடிக்கும் என்ற சுலபமான பதில் போதாது. இரண்டு சர்ச்சைகளும் அடிப்படையில் ஒரே வகையானவை: பதிவேட்டை யார் எழுதினார்கள், எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்பதில்தான் சண்டை. அந்த வழியாகப் போனால் பல முடிச்சுகள் அவிழும்.

படகும் பதக்கமும்

கெர்ரி 1966இல் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக் கடற்படையில் சேர்ந்தார். முதலில் ஒரு பெரிய போர்க்கப்பலில் இருந்தார். 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை, ஏறத்தாழ நான்கு மாதம், வியட்நாமில் ஸ்விஃப்ட் படகுத் தலைவராகப் பணியாற்றினார். இந்த நான்கு மாதத்தில் அவருக்கு வெள்ளி நட்சத்திரம் ஒன்று, வெண்கல நட்சத்திரம் ஒன்று, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் மூன்று. இத்தனை குறுகிய காலத்தில் இத்தனை பதக்கமா என்று கேட்டவர்களின் சந்தேகம் இங்கிருந்துதான் கிளம்பியது.

அந்தப் படகைப் பற்றித் தெரிந்தால் கேள்வியின் வடிவமே மாறும். 50 அடி நீளம், அலுமினிய உடல், ஓர் அதிகாரியையும் சேர்த்து ஆறு பேர். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற படகின் வடிவத்தை எடுத்துத் துப்பாக்கி பொருத்திக்கொண்டார்கள். கடலோரம் ரோந்து போவதற்குத்தான் அது முதலில் வாங்கப்பட்டது. 1968 அக்டோபரில் கடற்படை தன் திட்டத்தை மாற்றி, இதே படகுகளை மீகாங் கழிமுகத்தின் குறுகலான ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் உள்ளே அனுப்பியது. இரு கரையிலும் புதர், மெல்லிய தகட்டுச் சுவர், இரைச்சல் போடும் டீசல் எஞ்சின். படகு வருவது எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கெர்ரி போய்ச் சேர்ந்தது இந்த மாற்றத்துக்கு அடுத்த மாதம். அந்தப் பிரிவில் காயம்படுவது அரிதான செய்தியாக இருக்கவில்லை.

பர்ப்பிள் ஹார்ட்டின் விதியும் பலருக்குப் பிடிபடவில்லை. காயம் எத்தனை ஆழம் என்று அந்த விதி கேட்பதில்லை. எதிரியின் செயலால் ஏற்பட்டதா, மருத்துவர் சிகிச்சை கொடுத்தாரா என்ற இரண்டை மட்டுமே கேட்கிறது. கெர்ரியின் முதல் காயம் கையில் பட்ட சிறு உலோகத் துணுக்கு; மருந்து தடவிக் கட்டுப்போட்டதோடு சரி. அது எதிரியால் வந்ததா, தன் பக்கத்துக் குண்டுச் சிதறலா என்று பின்னாளில் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியாக, மூன்று பர்ப்பிள் ஹார்ட் வாங்கியவர் போர்க்களத்தை விட்டு வெளியே மாற்றல் கேட்கலாம் என்று அன்று கடற்படையில் விதி இருந்தது, அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார் என்றார்கள். விதி இருந்ததும் உண்மை, அவர் பயன்படுத்தியதும் உண்மை. நியூயார்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் சிலர் ஊதா இதயம் வரைந்த பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கெர்ரியைக் கேலி செய்ய வந்த அந்தப் பிளாஸ்திரி, அதே பதக்கத்தை வாங்கிய எல்லாச் சிப்பாய்களின் மேலும் பட்டது. அந்த நாளில் ஈராக்கிலிருந்து காயத்தோடு திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்களை நினைத்தால் அதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

அதிகம் அலசப்பட்டது 1969 மார்ச் 13. பே ஹாப் ஆற்றில் ஐந்து படகுகள் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு படகின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. கெர்ரியின் படகிலிருந்து சிறப்புப் படை அதிகாரி ஒருவர் ஆற்றில் விழுந்தார். கையில் அடிபட்டிருந்த கெர்ரி படகைத் திருப்பிக்கொண்டு போய் அவரைத் தூக்கி ஏற்றினார். வெண்கல நட்சத்திரம் இதற்குத்தான். வெடிக்குப் பிறகு கரையிலிருந்து துப்பாக்கிச் சூடே வரவில்லை என்றார்கள் எதிர்த்தவர்கள். அவர்களில் ஒருவர் அன்று இன்னொரு படகின் தலைவர். அவரும் அதே நாளுக்காக வெண்கல நட்சத்திரம் வாங்கியவர். அவருடைய பதக்கச் சான்றுரையிலேயே எதிரிகளின் துப்பாக்கிச் சூடு குறிப்பிடப்பட்டிருந்தது. தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவரும் சூடு வந்தது என்றே சொன்னார். கெர்ரியோடு அதே படகில் இருந்து, பிறகு பேச முன்வந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அவர் பக்கமே நின்றார்கள். கடற்படையின் தலைமை ஆய்வு அதிகாரி 2004 செப்டம்பரில், பதக்கங்கள் உரிய நடைமுறைப்படிதான் வழங்கப்பட்டன என்று முடித்துவைத்தார்.

காகிதங்கள் இத்தனை தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்தும் குற்றச்சாட்டு ஏன் ஒட்டிக்கொண்டது? கெர்ரி தரப்பும் ஒரு இடத்தில் வழுக்கியது. 1968 கிறிஸ்துமஸ் அன்று தான் கம்போடியாவுக்குள் இருந்ததாக அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். நாள் பொருந்தவில்லை என்று அவருடைய பிரசாரக் குழுவே பின்வாங்க வேண்டியதாயிற்று. பத்தில் ஒன்று தப்பானால் மீதி ஒன்பதையும் சந்தேகிக்க எதிர்த் தரப்புக்கு வழி கிடைக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் 1971 ஏப்ரல் 22. போரிலிருந்து திரும்பிய கெர்ரி, போரை எதிர்க்கும் முன்னாள் வீரர்கள் சார்பில் செனட் வெளியுறவுக் குழு முன் சாட்சி சொன்னார். அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் செய்த கொடுமைகள் என்று மற்ற வீரர்கள் தந்த வாக்குமூலங்களை அங்கே எடுத்துச் சொன்னார். படகுக்காரர்களின் உண்மையான கோபம் பதக்கத்தில் இல்லை, இந்தச் சாட்சியத்தில்தான் இருந்தது. ஆகஸ்ட் பிற்பகுதியில் வந்த இரண்டாவது விளம்பரம் அவருடைய 1971 குரலையே ஒலிக்கவிட்டது. அதை மறுக்க ஒரு கோப்பும் உதவாது, சொன்னது அவரேதான். முதல் விளம்பரத்தைவிட இரண்டாவது விளம்பரம்தான் ஆழமாக வெட்டியது என்பது என் கணிப்பு.

பதிலுக்குப் பணம் இல்லாத ஆகஸ்ட்

கெர்ரி இரண்டு வாரம் வாய்திறக்காமல் இருந்ததை அவருடைய சுபாவம் என்று எழுதியவர்கள் உண்டு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. இரு வேட்பாளர்களும் பொதுத் தேர்தலுக்கு அரசு நிதியை ஏற்றுக்கொண்டார்கள்: ஆளுக்கு 7.46 கோடி டாலர். கட்சி மாநாட்டில் வேட்பாளராக முறைப்படி அறிவிக்கப்பட்டதும் தனியார் நன்கொடையைச் செலவழிப்பது நின்றுவிடும், அரசுப் பணம் மட்டும்தான். ஜனநாயகக் கட்சி மாநாடு பாஸ்டனில் ஜூலை 29இல் முடிந்தது. குடியரசுக் கட்சி மாநாடு முடிந்தது செப்டம்பர் 2. ஒரே தொகையைக் கெர்ரி 13 வாரத்துக்கு நீட்ட வேண்டும், புஷ் 9 வாரத்துக்குப் பங்கிட்டால் போதும். ஆகஸ்டில் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் அக்டோபரில் ஒஹாயோவில் இல்லாத டாலர். ஆகவே ஆகஸ்டில் கையை இறுக்கிக்கொள்வது என்று கெர்ரி குழு முடிவுசெய்தது. மாநாட்டில் கெர்ரி சல்யூட் அடித்து, பணிக்கு வந்து சேர்ந்தேன் என்று தொடங்கி, தன் வேட்புரிமையின் அடித்தளமே போர்ச் சேவைதான் என்று காட்டியிருந்தார். சரியாக அந்த அடித்தளத்தில் எதிரணி கை வைத்த வாரத்தில் கல்லாப்பெட்டி பூட்டியிருந்தது.

தாக்கியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. 2004இல் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் தரக்கூடிய உச்சத் தொகை 2,000 டாலர். ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 527ஆம் பிரிவில் பதிந்த குழுக்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், வேட்பாளரோடு சேர்ந்து திட்டம் போடாத வரை. விளம்பரத்தை வெளியிட்ட ஸ்விஃப்ட் படகுக் குழுவுக்கு ஹூஸ்டன் வீடு கட்டும் தொழிலதிபர் பாப் பெர்ரி ஒருவரே 44 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். புஷ் பிரசாரத்தின் சட்ட ஆலோசகர் அந்தக் குழுவுக்கும் ஆலோசனை சொன்னது வெளியே வந்து, ஆகஸ்ட் 25இல் பதவி விலகினார். இதே பிரிவை ஜனநாயகக் கட்சி ஆதரவுக் குழுக்களும் பெரிய அளவில் பயன்படுத்தின. முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்.

முதல் விளம்பரத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகையோ ஏறத்தாழ 5 லட்சம் டாலர்தான். அதைப் பெரும்பாலான அமெரிக்கர்கள் விளம்பரமாகப் பார்க்கவில்லை, செய்தியாகப் பார்த்தார்கள். செய்திச் சேனல்கள் அதைக் காசு வாங்காமல் நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டு, இரு பக்கத்துக்கும் ஒவ்வொருவரை உட்காரவைத்துப் பேசவிட்டன. ஒரு பக்கம் கடற்படைக் கோப்பு, மறுபக்கம் 35 ஆண்டு கழித்து வந்த நினைவு. திரையில் இரண்டுக்கும் சம இடம். அந்தச் சமநிலைதான் பிழை.

பல் பரிசோதனைத் தாள்

புஷ் பக்கம் சர்ச்சை வேறு மாதிரி. அவர் போர்க்களத்துக்குப் போகவில்லை. 1968 மே மாதம் டெக்சஸ் மாநில வான் தேசியக் காவல்படை என்ற பகுதிநேரப் படையில் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். ஒற்றை இருக்கை எஃப்-102 போர் விமானத்தை ஓட்டப் பயிற்சி பெற்று, ஹூஸ்டன் அருகே எல்லிங்டன் தளத்திலிருந்து பறந்தார். கட்டாய ஆள்சேர்ப்பு நடந்த அந்தக் காலத்தில் காவல்படையில் இடம் கிடைப்பது வியட்நாமைத் தவிர்க்கும் வழியாகவே பார்க்கப்பட்டது. டெக்சஸ் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் பென் பார்ன்ஸ், தான் சிபாரிசு செய்ததாகப் பின்னாளில் சொன்னார். சிபாரிசு கேட்கவில்லை என்பது புஷ் தரப்பின் பதில்.

1972 ஏப்ரலுக்குப் பிறகு புஷ் விமானம் ஓட்டவில்லை. அந்த ஆண்டு மே மாதம் அலபாமாவில் ஒரு செனட் வேட்பாளரின் தேர்தல் வேலைக்குப் போனார். ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கு வராததால் 1972 ஆகஸ்ட் 1 முதல் பறக்கும் தகுதி நிறுத்திவைக்கப்பட்டது. 1973 மே மாதத்துக் கோப்பில், இந்தக் காலத்தில் இவரை இந்தப் பிரிவில் காணவில்லை என்று மேலதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். 1973 அக்டோபரில் ஹார்வர்டில் படிக்கப் போவதற்காக முன்கூட்டியே கௌரவமாக விடுவிக்கப்பட்டார்.

2004 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை சம்பளப் பதிவுகளை வெளியிட்டது. அவற்றோடு வந்த ஒரு தாள், அலபாமாவின் மான்ட்கோமெரி தளத்தில் 1973 ஜனவரி 6 அன்று புஷ்ஷுக்கு நடந்த பல் பரிசோதனை. ஓர் அதிபர் அந்தத் தளத்துக்குப் போனார் என்று காட்டக் கிடைத்தது ஒரு பல் மருத்துவத் தாள். அவர் அன்று அங்கே இருந்தார் என்பதை அது நிரூபிக்கிறது. மற்ற மாதங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1972 ஏப்ரல் நடுப்பகுதி முதல் அக்டோபர் கடைசி வரை சம்பளம் வாங்கிய பதிவு இல்லை.

கணக்கு மோதும் இடம் புள்ளி முறை. காவல்படையில் ஒருவர் மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு 15 நாள் முழுப் பணியும் செய்ய வேண்டும். வார இறுதி இரண்டு நாளும் நான்கு பயிற்சி அமர்வாக எண்ணப்படும், அமர்வுக்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கு 48. முழுப் பணி நாளுக்கு ஒன்று வீதம் 15. உறுப்பினராக இருப்பதற்கே 15 இலவசம். எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கு 78 கிடைக்கும். ஓய்வூதியத்துக்கு ஓர் ஆண்டு கணக்கில் சேர 50 புள்ளி போதும். புஷ் ஒவ்வோர் ஆண்டும் 50ஐத் தாண்டினார், ஆகவே கடமை முடிந்தது என்றது வெள்ளை மாளிகை. 50 என்பது ஓய்வூதியக் கணக்கு, அவர் கையெழுத்துப் போட்டது 48 அமர்வுக்கும் 15 நாளுக்கும் என்றார்கள் எதிர்த்தவர்கள். புள்ளியில் தகராறு இல்லை. எந்தக் கோட்டைத் தாண்டினால் தேர்ச்சி என்பதில்தான் தகராறு.

அந்த நியாயமான கேள்வியை அப்படியே மூழ்கடித்தது செப்டம்பர் 8. சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தியாளர் டான் ராதர், புஷ்ஷின் மேலதிகாரி 1972, 73இல் தட்டச்சு செய்ததாகச் சில குறிப்புகளை வெளியிட்டார். அந்த அதிகாரி 1984இலேயே இறந்துவிட்டார். சில மணி நேரத்தில் சந்தேகம் கிளம்பியது. எழுத்துகளின் அகலம் ஒவ்வொன்றுக்கும் வேறுபட்டது. எண்ணுக்குப் பின்வரும் சிற்றெழுத்து (ஆங்கிலத்தில் th போன்றது) மேலே தூக்கி, சிறிதாக்கி அச்சாகியிருந்தது. வரி முடியும் இடம்கூட இன்றைய கணினியின் எழுத்துச் செயலி மடக்கும் இடத்தோடு ஒத்துப்போனது. 1972இல் ஒரு காவல்படை அலுவலகத்தின் தட்டச்சு இயந்திரத்தில் இதெல்லாம் வருவது நம்பும்படி இல்லை. நிறுவனத்தின் கையில் இருந்தவை நகல்கள் மட்டும். மூலத்தாள் இல்லாமல் மையையும் காகிதத்தையும் சோதிக்க முடியாது. செப்டம்பர் 20இல் சிபிஎஸ் மன்னிப்புக் கேட்டது.

இதில் பெரிய இழப்பு எதுவென்றால், பறக்கும் தகுதி நிறுத்தப்பட்ட ஆணை அசலான பதிவுகளில் ஏற்கெனவே இருந்தது. அதைச் சொல்லப் புதிய குறிப்பே தேவைப்படவில்லை. உறுதிசெய்ய முடியாத தாள் ஒன்று மேசைக்கு வந்ததும், பக்கத்தில் இருந்த மெய்யான தாளும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. அதன் பிறகு புஷ்ஷின் சேவையைப் பற்றி யாரும் பேசவில்லை.

எந்த மாதத்திலிருந்து எண்ணுவது?

இனி வெள்ளிக்கிழமைக் கணக்கு. அக்டோபர் விவாதங்களில், கடந்த 13 மாதத்தில் 19 லட்சம் புதிய வேலை சேர்ந்தது என்றார் புஷ். இவர் ஆட்சியில் 16 லட்சம் வேலை போனது, 1930களின் பெருமந்தக் காலத்து அதிபர் ஹூவருக்குப் பின் இப்படி வேலைகளை இழந்த ஓர் அதிபர் இல்லை என்றார் கெர்ரி. கேட்டவர்கள் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். இரண்டு எண்ணும் ஒரே அரசுத் துறையின் ஒரே அட்டவணையிலிருந்து எடுத்தவை.

புஷ் எண்ணத் தொடங்கியது 2003 ஆகஸ்ட். வேலைவாய்ப்பு அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய சமயம். கெர்ரி எண்ணத் தொடங்கியது 2001 ஜனவரி. புஷ் பதவியேற்ற மாதம், பொருளாதார மந்தம் தொடங்க இரண்டு மாதம் முன்பு. தவிர, கெர்ரி தனியார் துறை வேலையை மட்டும் எண்ணினார். பள்ளி, உள்ளாட்சி போன்ற அரசு வேலைகள் அந்த ஆண்டுகளில் கூடியிருந்தன. அவற்றையும் சேர்த்தால் இழப்பு 10 லட்சத்துக்குள் வந்துவிடும். ஹூவரோடு ஒப்பிட்டபோது இந்தத் தனியார் என்ற சொல் பல மேடைகளில் காணாமல்போனது. அது கெர்ரி தரப்பின் தவறு.

எந்தக் கணக்கெடுப்பு என்பது அடுத்த சிக்கல். வெள்ளிக்கிழமை அறிக்கையில் இரண்டு தனித்தனிக் கணக்கெடுப்புகள் இருக்கின்றன. ஒன்று நிறுவனங்களின் சம்பளப் பட்டியலைக் கேட்பது. ஏறத்தாழ 4 லட்சம் பணியிடங்கள் இதில் வரும். இரண்டாவது ஏறத்தாழ 60,000 வீடுகளில் ஆட்களைக் கேட்பது. முதலாவது வேலைகளை எண்ணும், இரண்டாவது ஆட்களை எண்ணும். இரண்டு இடத்தில் வேலைபார்ப்பவர் சம்பளப் பட்டியலில் இரண்டாகவும் வீட்டுக் கணக்கில் ஒன்றாகவும் வருவார். சொந்தத் தொழில் செய்பவர் வீட்டுக் கணக்கில் உண்டு, சம்பளப் பட்டியலில் கிடையாது. வேலையின்மை விகிதம் வருவது வீட்டுக் கணக்கிலிருந்து. 2003 ஜூனில் 6.3 சதவீதமாக இருந்தது, 2004 செப்டம்பரில் 5.4. புஷ் ஆதரவாளர்கள் வீட்டுக் கணக்கை உயர்த்திப் பிடித்ததும் எதிர்த்தவர்கள் சம்பளப் பட்டியலை உயர்த்திப் பிடித்ததும் இதனால்தான். மாத மாற்றத்தை அறியச் சம்பளப் பட்டியல்தான் நம்பகம். மாதிரி மிகப் பெரியது. ஆனாலும் அதில்கூட ஏறத்தாழ 1 லட்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். 32,000 என்ற அந்த ஆகஸ்ட் எண் அடுத்த மாத அறிக்கையில் 73,000 ஆகத் திருத்தப்பட்டது. முதல் எண் தலைப்புச் செய்தியானது, திருத்தம் உள்பக்கத்தில் வந்தது. மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க மாதம் ஒன்றரை லட்சம் வேலை வேண்டும் என்று பொருளியலாளர்கள் பொதுவாகச் சொல்லிவந்த காலம் அது. திருத்திய எண்ணும் போதாதுதான்.

நிதிநிலையில் குழப்பம் குறைவு. 2000ஆம் நிதியாண்டில் 23,600 கோடி டாலர் உபரி, 2004இல் ஏறத்தாழ 41,300 கோடி டாலர் பற்றாக்குறை. மந்தத்தால் வரி வருவாய் குறைந்தது, 2001லும் 2003லும் வரி வெட்டு வந்தது, இரண்டு போர்களுக்குச் செலவு கூடியது. ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் வரி வெட்டைத் திரும்பப் பெறுவேன் என்றார் கெர்ரி. இங்கேதான் போரும் பொருளாதாரமும் ஒரே முடிச்சாகின்றன. ஈராக், ஆப்கானிஸ்தானுக்கான 8,700 கோடி டாலர் செலவு மசோதாவில், அந்தப் பணத்தைப் பணக்காரர்களின் வரி வெட்டைக் குறைத்து எடுங்கள் என்ற திருத்தத்தைக் கெர்ரி ஆதரித்தார். அது தோற்றதும் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். செலவுக்கு வரவு காட்டு என்ற இந்த நியாயமான நிலையை அவர் 2004 மார்ச்சில், எதிர்த்து வாக்களிக்கும் முன் ஆதரித்துத்தான் வாக்களித்தேன் என்று ஒரே வரியில் சுருக்கிச் சொன்னார். அந்த வரி புஷ் விளம்பரத்தில் ஏறி, கடைசி வரை இறங்கவில்லை.

நம்மை நேரடியாகத் தொட்டது இன்னொரு வாதம். வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனத் தலைவர்களைக் கெர்ரி 'பெனடிக்ட் ஆர்னல்டுகள்' என்றார். ஆர்னல்ட் என்பவர் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் தாவிய தளபதி. நம் ஊரில் எட்டப்பன் என்றால் என்ன பொருளோ அதே பொருள். ஒரு பொருளாதார முடிவுக்குப் போர்க்களத் துரோகத்தின் பெயர். எதிர்ப்பக்கம், வெளிநாட்டில் வேலை கொடுப்பது நீண்ட காலத்தில் நன்மையே என்று பிப்ரவரியில் சொன்ன அதிபரின் பொருளாதார ஆலோசகர் கிரெகரி மேன்கியூவைச் சொந்தக் கட்சித் தலைவர்களே சாடினார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இரவுப் பணிக்குப் போன இளைஞர்கள் இப்படித்தான் ஓர் அமெரிக்கத் தேர்தலின் பேசுபொருளானார்கள். 2004இன் முதல் மூன்று மாதத்தில் பெரிய ஆட்குறைப்புகளில் வெளிநாட்டு மாற்றலால் வேலை இழந்தவர்கள் 4,633 பேர் என்றது தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. அந்தக் கணக்கில் வந்த மொத்த ஆட்குறைப்பில் 2 சதவீதத்துக்கு அருகே. ஆனால் 50 பேருக்குக் குறையாமல் நீக்கிய நிறுவனங்கள் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டன. பத்துப் பேர், இருபது பேராக நகர்த்தியது எதுவும் கணக்கில் இல்லை. 4,633 என்பது தரை; கூரை எங்கே என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

வேறு ஆண்டுகளில்

போர்ச் சேவை ஓட்டு வாங்கித் தரும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு பெரிதாகத் துணை நிற்பதில்லை. 1992இல் போட்டியிட்ட மூத்த புஷ் (ஜார்ஜ் புஷ்ஷின் தந்தை), இரண்டாம் உலகப் போரில் 58 முறை போருக்குப் பறந்து, 1944 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கடலில் மிதந்து மீட்கப்பட்டவர். எதிரே நின்ற பில் கிளின்டன் கட்டாய ஆள்சேர்ப்பைத் தவிர்த்தவர். 1969இல் அதைப் பற்றி அவர் எழுதிய கடிதமே பத்திரிகையில் வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆண்டு ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதம், கிளின்டன் வென்றார். மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதற்கான ஆய்வுக் கழகம் அறிவித்தது 1992 டிசம்பர் 22, தேர்தல் முடிந்து ஏழு வாரம் கழித்து. 2008இல் ஐந்தரை ஆண்டு வியட்நாமில் போர்க்கைதியாக இருந்த ஜான் மெக்கெயின், லீமன் வங்கி விழுந்த அதே செப்டம்பர் 15 அன்று, பொருளாதாரத்தின் அடிப்படை வலுவாக இருக்கிறது என்று மேடையில் சொன்னார். தோற்றார்.

2004இல் மட்டும் ஏன் வேறு மாதிரி? செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நடந்த முதல் அதிபர் தேர்தல் அது, வேலையின்மை குறைந்துகொண்டிருந்தது. வாக்குச்சாவடி வாசலில் கேட்டபோது பொருளாதாரமே முக்கியம் என்றவர்களில் 80 சதவீதம் கெர்ரிக்குப் போட்டிருந்தார்கள், பயங்கரவாதமே முக்கியம் என்றவர்களில் 86 சதவீதம் புஷ்ஷுக்கு. பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டும் சாயும் நிலைமை. ஒவ்வொரு வாரமும் எதைப் பற்றிப் பேசுவது என்பதே போட்டியாக இருந்த தேர்தலில், ஆகஸ்ட் மாதத்தைக் கெர்ரி பறிகொடுத்தார். முன்னாள் படையினரின் வாக்குகளில் பெரும்பான்மையும் போருக்குப் போகாத புஷ்ஷுக்கே கிடைத்தது. ஒஹாயோவில் புஷ் ஆட்சியில் 2 லட்சத்துக்கும் மேல் வேலைகள் போயிருந்தன. அங்கே அவர் ஏறத்தாழ 1,18,000 ஓட்டில் வென்றார். அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த மாநிலத்துக்கு இருந்த 20 தேர்வாளர் வாக்குகள் மாறியிருந்தால் அதிபரும் மாறியிருப்பார்.

தேர்தல் நாள் நவம்பர் 2. மூன்று நாள் கழித்து வந்த அக்டோபர் மாதக் கணக்கில் சேர்ந்த வேலைகள் 3,37,000. புஷ் தரப்பு ஆண்டு முழுவதும் காத்திருந்த எண் அது. 2005 ஜனவரியில் சிபிஎஸ் அமர்த்திய விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. தயாரிப்பாளர் ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார், மூவரைப் பதவி விலகச் சொன்னார்கள். பிப்ரவரி வேலை அறிக்கையில் புஷ்ஷின் முதல் பதவிக்கால மொத்தக் கணக்கு மயிரிழையில் பூஜ்யத்தைத் தாண்டியது, ஹூவர் ஒப்பீடு விழுந்தது. தன் முழுக் கடற்படைக் கோப்பையும் பத்திரிகைகள் பார்க்க அனுமதிக்கும் 180ஆம் எண் படிவத்தில் கெர்ரி கையெழுத்துப் போட்டதும் 2005இல்தான். ஸ்விஃப்ட் படகுக் குழு சட்டப்படி தேர்தல் குழுவாகப் பதிந்திருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் முடிவுக்கு வர 2006 டிசம்பர் ஆனது. அபராதம் 2,99,500 டாலர். அந்தக் குழு திரட்டியிருந்தது ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல். அதற்கு அன்று வியூகம் வகுத்தவர்களில் ஒருவரான கிறிஸ் லசிவிட்டா, 2024இல் டொனால்ட் டிரம்ப்பின் பிரசாரத்தை நடத்திய இருவரில் ஒருவர். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸ், 24 ஆண்டு பணியாற்றிய தேசியக் காவல்படையிலிருந்து எந்த மாதம் விலகினார், எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்ற கேள்வி, அவர் வேட்பாளரான சில நாளிலேயே எழுந்தது.